‘கார்மில்லா’வை மாங்காவாக வரைவது எப்படி?

காட்டேரிக் காதல் நாவலை மாங்காவாக்க ஆசைப்படுகிறவர்கள் பென்சிலைத் தொடும் முன்பே உரிமையைப் பார்த்துவிட வேண்டும். இன்று விற்பனையில் இருக்கும் நாவல் என்றால் எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்துபூர்வ அனுமதி தேவை. அனுமதிக்கு அலையாமல் பழகிப் பார்க்க ‘கார்மில்லா’ அருமையான கதை. அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு எழுதி 1872-இல் நூலாக வந்தது. ‘டிராகுலா’வுக்கு 25 ஆண்டுகள் மூத்தது. ஆசிரியர் 1873-இலேயே மறைந்துவிட்டதால் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. ஸ்டிரியாவில் ஓர் ஒதுக்குப்புற மாளிகையில் வாழும் லாராவுக்கும், வண்டி விபத்தைச் சாக்காக வைத்து விருந்தாளியாகத் தங்கும் கார்மில்லாவுக்கும் நடுவே வளரும் நேசமும் பயமும்தான் கதை.

நாவலில் 16 அத்தியாயங்கள். எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. பிற்பகுதியில் தளபதி ஸ்பீல்ஸ்டார்ஃப் தன் வீட்டுப் பெண்ணைப் பறிகொடுத்த கதையை நெடுக விவரிக்கிறார். வாசகர் அதற்குள் பாதியை ஊகித்திருப்பார். முகமூடி விருந்தை மட்டும் கண்ணுக்கு விருந்தாக வரைந்து, மீதியைச் சில பக்கங்களில் முடித்துவிடுங்கள்.

அடுத்து பாத்திர வரைபடம். கார்மில்லாவின் தொண்டையில் சின்ன மச்சம் உண்டு. கதையில் வரும் 1698-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் இருக்கும் பெண்ணுக்கும் அதே இடத்தில் அதே மச்சம். ஓவியம் வருவதற்கு முன்பே, நெருக்கக் காட்சிகளில் எல்லாம் அது வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கோரைப்பல்லை மட்டும் அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். கூர்மையான பல்லைப் பற்றி ஊர் சுற்றும் வித்தைக்காரன் பட்டப்பகலில் சொல்கிறானே, அந்தச் சலசலப்பே போதும்.

பிறகு ‘நேம்’, அதாவது பக்கவாரியான கரட்டு வரைவு. உண்மையான உழைப்பு இங்கேதான். நாவலில் லாரா தன் வாயால் கதை சொல்கிறாள். அவள் மனதை அப்படியே பெட்டி பெட்டியாக எழுதி ஒட்டினால் மாங்கா செத்துவிடும். கார்மில்லா கையைப் பிடிக்கும்போது லாராவின் விரல்கள் பாதி இறுகி, பாதி விலகி நிற்கட்டும். அவளுடைய ஆசையும் அச்சமும் அந்த விரல்களிலேயே தெரிந்துவிடும்.

இரவுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பூனை போன்ற பெரிய விலங்கு கட்டிலில் தாவுகிறது. லாராவின் மார்பில் இரண்டு ஊசிகள் ஏறுவதுபோல வலி. விலங்குக்கு டோன் (நிழல் காட்டும் புள்ளித் தாள்) ஒட்டாமல் முழுக்க மை பூசுங்கள். தமிழில் இடமிருந்து வலமாகப் படிப்பதால், வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அவள் கண் திறக்கட்டும். தாளைத் திருப்பியதும் இடப்பக்கம் முழுவதும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டிலடியில் நிற்கும் பெண்ணுருவம். அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரே அளவில், ஒரே கோணத்தில் மூன்று கட்டங்கள்: உருவம் கட்டிலடியில், கதவருகில், திறந்த கதவில். நடப்பதை வரையவே கூடாது. வேகக் கோடுகளோ ஒலிச் சொற்களோ வேண்டாம். நாவலிலும் அந்த உருவம் அசையாமலேயே இடம் மாறுகிறது. கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் அதை அப்படியே நிகழ்த்திவிடும். கடைசியில் லாரா போய்ப் பார்க்கும்போது கதவு உள்ளே பூட்டியபடியே இருக்க வேண்டும்.

மை போடும் முன் வசனத்தைப் பொருத்திப் பாருங்கள். ஜப்பானிய மாங்காவில் எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் வசனக் குமிழிகள் ஒடுங்கி உயரமாக இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; அந்த வடிவத்தை நகலெடுத்தால் சொல் நடுவில் உடையும். குமிழியை அகலமாக வரையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறைக்காமல் வசனத்தை வெட்டுங்கள்.