எலியோடு வரும் விருந்தாளிகள்

அறுவடை முடிந்து நெல் களஞ்சியம் சேர்ந்ததும் எலியின் நினைவு நமக்கு வருகிறது. அது தின்ற நெல்லையும் கடித்த பாவு நூலையும் கணக்கிட்டு வருந்துகிறோம். ஆனால் எலி தனியே வருவதில்லை. அதன் மயிரிலும் குடலிலும் வேறு சில உயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, தெள்ளுப்பூச்சி. சிறகற்ற இப்பூச்சி எலியின் இரத்தத்தைக் குடித்து வாழ்வது. பிளேக் நோயை எலியிடமிருந்து மனிதனிடம் சேர்ப்பது இதுவே. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொடாதவாறு அருகருகே வைத்துச் சோதித்தார். தெள்ளுகள் தாவிச் சென்றதால் நல்ல எலியும் நோயுற்று இறந்தது. தெள்ளில்லாதபோது நோய் பரவவில்லை. கிருமிகள் தெள்ளின் இரைப்பை வாயிலில் பெருகி வழியை அடைத்துவிடுகின்றன. பசி தீராத தெள்ளு மீண்டும் மீண்டும் கடித்து, கிருமிகளைக் கடிவாயில் கக்குகிறது.

இரண்டாவது, சிற்றுண்ணி. புதர் மண்டிய வரப்புகளில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இதன் இளம் பருவம் எலிகளைப் பற்றி உண்கிறது. மனிதனைக் கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் உண்டாகலாம். தமிழ்நாட்டிலும் இந்நோய் உண்டு. காய்ச்சலுடன் உடலில் வலியற்ற கறுத்த பொருக்கு காணப்பட்டால் மருத்துவரிடம் தவறாது காட்டுக. உரிய மருந்து உண்டு, தாமதமே ஆபத்து.

மூன்றாவது, நாடாப்புழு. எலிப் புழுக்கையிலுள்ள இதன் முட்டைகளை மாவு வண்டு தின்கிறது. அவ்வண்டு கலந்த தானியத்தை வேகாமல் உண்போருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அரிதாக இப்புழு பற்றுகிறது.

எலியைக் கொன்றுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணலாமா? அங்கேதான் நாம் தவறுகிறோம். இறந்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுகள் வெளியேறி வேறு உடலைத் தேடுகின்றன. எனவே, பிளேக் தோன்றிய இடத்தில் முதலில் வளைகளில் பூச்சிமருந்து தூவித் தெள்ளை ஒழித்த பின்னரே எலியை ஒழிக்க வேண்டும். 1994-இல் சூரத் நகரில் பிளேக் மீண்டும் தலைகாட்டியதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்; இடுக்கியால் எடுத்து ஆழப் புதையுங்கள். காரணமின்றிப் பல எலிகள் மடிந்து கிடந்தால் சுகாதார அதிகாரிக்கு உடனே அறிவியுங்கள். வரப்புப் புதரை அகற்றுங்கள். கிடங்கில் மூட்டைகளைத் தரையில் வைக்காது, மரக்கட்டைகளின் மீது அடுக்குங்கள். ஒருவர் மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். ஊரார் கூடிச் செய்தாலே பயன் உண்டு. கூட்டுறவின் பொருளும் அதுவன்றோ?