முட்டை அட்டை திரும்பி வரலாமா?

நாமக்கல்லிலிருந்து புறப்படும் முட்டை லாரியைக் காணாதவர் நம்மில் இரார். அதில் அடுக்கப்படும் அட்டை ஒன்றுக்கு 30 முட்டைகள். பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி அச்சில் வார்த்த பொருள் அது. வெற்று அட்டையைத் திரும்ப வாங்கினால் பண்ணைக்குப் பணம் மிச்சமே. ஆனால் காகித அட்டையைக் கழுவ இயலாது. அதில் ஒட்டிய எச்சத்தோடு நோய்க்கிருமியும் பண்ணைக்குள் நுழையும். 2006இல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டபின் இவ்வச்சத்தை வீண் என்று யார் சொல்வர்?

பிளாஸ்டிக் தட்டு விலை கூடியதுதான். ஆயினும் பலமுறை பயன்படும். முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகே கிருமிநாசினியில் நனைத்து உலர்த்த வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து வேலை செய்யாது. நம் விடுதிச் சமையலறையில் குவிந்துள்ள காகித அட்டைகளோ பழைய காகிதக் கடைக்கே போகட்டும். அங்கிருந்து மீண்டும் கூழாகலாம்.