பச்சைத் தாளை நம்பிக் கொழும்புக்கு ஓடாதீர்கள்

சென்ற மாதம் பாலாவியில் ஒரு கராஜ் வாசலில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். நானா கட்டாரில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய கார் பக்கத்தில் நின்றது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, முப்பது வயதைத் தாண்டியது. அவன் கையில் ஒரு தாள் இருந்தது.

"சேர், கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் எலைன்மென்ட் செய்தது. எல்லாம் பச்சை. ஆனா இடப்பக்கம் இழுக்குது."

வாப்பாவும் கூடவே நின்றார். "ஊர்ப் பாஸ்மாரிட்ட குடுக்க வேணாம், கம்பியூட்டர்ல பாக்கிற இடத்துக்கே போ எண்டு நான்தான் சொன்னேன்" என்றார்.

மோட்டார் தொழில் கற்பித்த காலம் முழுவதும் இதே கதையை வெவ்வேறு கார்களோடு பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் மூலையில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையெல்லாம் பிள்ளைகள் தேடி எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். அது நல்ல காரியம். ஆனால் சில்லுகளை நேராக்க எங்கே கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் கூட்டாளியின் பேச்சோ வாப்பாவின் பயமோதான். காரைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் குறைவு.

டயர்க் கடையில் முன்சில்லை மட்டும் பார்ப்பது, கமராவும் கணினியும் வைத்து நான்கு சில்லையும் அளப்பது, கராஜில் நூல் கட்டிப் பார்ப்பது என்று மூன்று வழிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எலைன்மென்டில் பேசப்படும் கோணங்கள் மூன்று. டோ என்பது சில்லுகளின் முனை உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது. கேம்பர் சில்லின் சாய்வு. காஸ்டர்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நடுவுக்குத் திருப்புவது. இவற்றில் டயரை மிக வேகமாகத் தின்பது டோ. ஒரு சில்லு அரைப் பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் அராவும். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீட்டர். போய்ச் சேருமுன் அந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும்.

இனி அந்தப் பச்சைத் தாளுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கணினி அளக்கும், திருத்தாது. திருத்துவது ஸ்பானர் பிடித்த கை. தாளில் பச்சை விழுந்தால், அளவு தயாரிப்பாளர் விட்ட எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்த எல்லை அகலமானது. என் மாணவனின் தாளில் இடது முன்சில்லின் கேம்பர் +0.6 பாகை, வலது −0.7. தனித்தனியே பார்த்தால் இரண்டும் பச்சை. இரண்டுக்கும் இடையில் 1.3 பாகை வித்தியாசம். கார் எப்போதும் மேற்புறம் வெளியே சாய்ந்த சில்லின் பக்கம் இழுக்கும். ஆகவே இடப்பக்கம் இழுத்தது. இரண்டு பச்சையையும் சேர்த்துப் பார்க்கத் தாளுக்குத் தெரியவில்லை, அதைக் கொடுத்தவரும் பார்க்கவில்லை.

காரை ஜக்கில் ஏற்றினோம். இடது சில்லு உறுதியாக நின்றது. வலது சில்லின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டியபோது உள்ளே 'டொக்' என்றது. வலது கீழ்க்கையின் புஷ் ரப்பர் வெடித்துத் தூளாகியிருந்தது. இழுத்தது இடப்பக்கம், நோய் வலப்பக்கம். இந்த மாதிரிக் காரில் முன்னே கேம்பரையும் காஸ்டரையும், பின்னே கேம்பரையும் டோவையும் மாற்ற மொத்தம் எட்டு மையம்விலகிய போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூடப் புது ஸ்பானர்த் தழும்பு இல்லை. துரு பிடித்து இறுகியதைக் கண்டதும் விட்டுவிட்டு, முன் டோவை மட்டும் திருப்பித் தாளை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் கரையில் இது இன்னும் மோசம். கல்பிட்டி வீதியில் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பாலாவியில் உப்பளக் காற்று. போல்ட் தண்டும் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்து ஒட்டிவிடும். அந்தப் போல்ட்டை முறுக்கினால் ரப்பர்தான் கிழியும். மூன்று நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஆறு போல்ட்டைக் கழற்றினோம். மற்ற இரண்டையும் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. கார்கள் வரிசையில் நிற்கும் பெரிய இடத்தில் யார் உங்களுக்காக மூன்று நாள் காத்திருப்பார்? அவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. அவர்களுடைய தொழில், புதுக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. முப்பது வருடக் காரை அந்த வரிசையில் நிறுத்துவது நம்முடைய பிழை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டியரிங் கோணலாக நின்றால் டைரொட்டை இரு பக்கமும் சமமாகத் திருப்பித்தான் நேராக்க வேண்டும். சில இடங்களில் ஸ்டியரிங் வளையத்தையே கழற்றி நேராகப் பூட்டிவிடுவார்கள். பார்வைக்கு நேர். உள்ளே ஸ்டியரிங் ரக் நடுவிலிருந்து விலகி, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்கவிடாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

மோஸ்தருக்காகக் காரைத் தாழ்த்தி, சில்லின் தலையை உள்ளே சரித்து நிறுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் சற்றே சாய்ந்த சில்லைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பல மடங்காக்குகிறார்கள். பந்தயக்காரர் அளந்து சாய்க்கிறார், வளைவில் டயர் முழுதாகத் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக. சிலாபம் பெரிய வீதியில் நேராக ஓடும் காருக்கு அந்தச் சாய்வு டயரின் உள்விளிம்பைத் தின்னும், மழையில் பிரேக் பிடிக்கும்போது கைவிடும். செய்யாதீர்கள்.

எங்கே போவது என்பதைக் காரே சொல்லும். எம்ஜிபி போன்ற பழைய ஆங்கிலக் காரில் பின்னச்சு ஒரே இரும்புத் தண்டு. முன் கேம்பரையும் காஸ்டரையும் திருப்ப வசதியில்லை. மாற்றக்கூடியது முன் டோ மட்டுமே. அதற்கு நூல் போதும். டொயோட்டா ஏஈ86-க்கும் பின்னச்சு அப்படியே, அங்கே அளந்து திருப்ப எதுவுமில்லை. ஹொண்டா சிவிக் ஈஜியில் தொழிற்சாலை விட்டபடி முன் கேம்பரைத் திருப்ப முடியாது, முன்னும் பின்னும் டோவைத் திருப்பலாம். இன்ஜின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2-வில் முதலில் பின் டோவைப் பாருங்கள். பின்சில்லுகள் வெளிநோக்கி நின்றால் வளைவில் கார் சுழன்றுவிடும். எம்எக்ஸ்-5 போல நான்கு மூலையும் திருப்பக்கூடிய கார்தான் கணினியிடம் போகத் தகுதியானது. அதுவும் புஷ், போல் ஜொயின்ட், டைரொட் எல்லாம் மாற்றி, போல்ட்டுகள் கையால் சுழலும் நிலைக்கு வந்த பிறகு. காஸ்டரை நூலால் அளக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மனம் நூல் பக்கம்தான். எனக்கு அதைக் காட்டித்தந்தவர் சிலாபத்தில் ஒரு முதிய பாஸ். காரின் இரு பக்கமும் சமதூரத்தில் இரண்டு நூல் இழுத்து, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரும்பு அடிமட்டத்தால் அளப்பார். 15 அங்குல ரிம்மில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 6.6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது தாராளம். தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும். கல்பிட்டி மணல் முற்றத்தில் முடியாது. மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் நான்கு சில்லிடத்தையும் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தரை ஓடு வைத்து உயர்த்துவார். காற்றைச் சரிபார்ப்பார். சாரதி ஆசனத்தில் 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றை ஏற்றுவார். ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் காரை முன்னே உருட்டி, அமுக்கி விட்டு, மறுபடி அளப்பார். ஒரு காருக்கு அரை நாள்.

பிள்ளைகளே, அந்த அரை நாளைத்தான் நீங்கள் கொடுக்க மறுக்கிறீர்கள். கை தொட்டதும் 'டொக்' என்பதைக் கேட்கும் காது சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கும். மற்றவர்களுக்குப் பத்துக் காரில் வரும், நூறு காரில் வரும், ஆனால் வரும். தகப்பன்மாருக்கும் ஒரு சொல். மகன் கார் அடியில் படுத்துக் கிடந்தால் படிப்பு கெடும் என்று பயப்படாதீர்கள். ஒரு போல்ட்டுக்காக மூன்று நாள் காத்திருந்தவன் பரீட்சைத் தாள் முன்னாலும் பதறமாட்டான். பெரிய இடத்துக்குக் காசு கட்டி வாங்கித்தர முடியாத குணம் அது.

அந்த எம்எக்ஸ்-5 புதுப் புஷ்ஷும் போல்ட்டும் போட்டு, நூலில் அளந்து, கடைசியாகக் கணினியிலும் ஏற்றினோம். இம்முறை நான் பக்கத்தில் நின்றேன். முன் கேம்பர் இரு பக்கமும் ஒரே அளவு. வீதி இடப்பக்கம் சரிந்திருப்பதால் இடது காஸ்டரைச் சிறிது கூட்டச் சொன்னேன். பாலாவியிலிருந்து நுரைச்சோலை வரை மகன் ஓட்டினான், வாப்பா பக்கத்தில் இருந்தார். நேரான இடங்களில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தும் கார் விலகவில்லை.

உங்களிடமும் அப்படியொரு கார் இருந்தால், கொழும்புக்கு நாள் குறிக்குமுன் வீட்டிலேயே ஜக்கில் ஏற்றுங்கள். ஸ்டாண்ட் வைத்துவிட்டு ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.