நீண்ட நாள் உழைக்கும் செல்போன்: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



குழுக் கணக்கு, வங்கிப் பணம், பிள்ளைகளின் பாடம் என எல்லாமே இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. உள்கடன் எடுத்துப் போன் வாங்குகிற உறுப்பினர்களும் நம்மிடையே உண்டு. தவணை முடிந்த கொஞ்ச நாளிலேயே போன் உதவாமல் போனால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானே!

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

நம் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் எடுத்துப் பார்க்கலாம்; தப்பு இருந்தால் சொல்லலாம். அதுபோல, போனை இயக்குகிற மென்பொருளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டிருந்தால் அது திறந்த மூல மென்பொருள். ஆண்ட்ராய்டின் அடிப்படை இப்படிப்பட்டதுதான். ஆனால் கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு போன் முழுக்கத் திறந்தது அல்ல. கூகுளும் போன் கம்பெனியும் சேர்க்கிற பல செயலிகள் பூட்டிய பெட்டிதான்.

திறந்த மூலம் என்றாலே நீண்ட நாள் உழைக்குமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். என்ற திறந்த மூல மென்பொருளோடு 2014-இல் நம் நாட்டில் சுமார் 2,000 ரூபாய்க்குப் போன் வந்தது. 2015 டிசம்பரிலேயே மொசில்லா நிறுவனம் அந்தப் போன்களை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. தூர்வார ஆளில்லாத கிணறு என்ன ஆகும்? அதே கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனி கைவிட்ட பல போன்களுக்கு லீனேஜ் ஓ.எஸ். என்ற திறந்த மூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் தருகிறார்கள். ஆனால் அதை ஏற்றும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். சில வங்கிச் செயலிகளும் வேலை செய்யாமல் போகலாம். எனவே பணம் அனுப்பும் போனில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

1. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருஷம் வரும்? இது நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து கணக்காகும். 2023-இல் வந்த ஃபேர்போன் 5-க்கு 8 ஆண்டு, பிக்சல் 8-க்கு 7 ஆண்டு என்று கம்பெனிகளே உறுதி சொல்லின. அவை விலை கூடியவை. ஆனாலும் மற்றப் போன்களை ஒப்பிட நமக்கு அது ஓர் அளவுகோல்.

2. ஆண்ட்ராய்டு பதிப்பு என்ன? பழைய பதிப்பைச் செயலிகள் கைவிட்டுவிடும். 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது.

3. பேட்டரியும் திரையும் பக்கத்து ஊரில் மாற்றித் தருவார்களா?

4. பழைய போனா? *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். குறுஞ்செய்தியில் கே.ஒய்.எம். எனும் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் புள்ளியில்லாமல் அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

9,000 ரூபாய் போன் 2 வருஷம் உழைத்தால் மாதம் 375 ரூபாய் செலவு. 15,000 ரூபாய் போன் 5 வருஷம் உழைத்தால் மாதம் 250 ரூபாய்தான். எது மலிவு?

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

உங்கள் போனில் 'அமைப்புகள்' பகுதிக்குப் போய், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டதா? அந்தப் போனில் குழுப் பணத்தைக் கையாளலாமா, கூடாதா? எல்லாரும் கலந்து பேசித் தீர்மானம் எழுதுங்கள்.