பட்டை தடித்தால் ஆயுள் கூடுமா?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்சக்கரத்தருகே என்றாவது குனிந்து பார்த்ததுண்டா? வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் சில ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் ஒரு போல்ட்டால் கோக்கப்பட்டிருக்கும். மேல்பட்டை நீளமானது, கீழே போகப்போக நீளம் குறையும். பட்டறைகளில் இதற்குக் கமான் பட்டை என்று பெயர். கமான் என்றால் வில்.

என் மாணவர் ஒருவரின் தந்தை இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார். மலையிறக்கத்தில் அதன் பட்டைகளுள் ஒன்று ஒடிந்துவிட்டது. நல்ல வேளையாக அது நடுவிலிருந்த ஒரு பட்டை. நீளமான மேல்பட்டைதான் சக்கர அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. அது ஒடிந்திருந்தால் அச்சே விலகி, வண்டி பாதையை விட்டு ஓடியிருக்கக்கூடும்.

அவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், பழசு எட்டு மில்லிப் பட்டைங்க. இந்தத் தடவை அந்த எடத்துல பத்து மில்லி போட்டா நாள்பட உழைக்குமுங்களா?"

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "தடித்தது வலியது, எனவே உழைக்கும்" என்றுதானே? அவசரப்பட வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வளையும்போது நிகழ்வது என்ன?

1.2 மீட்டர் நீளமும் 8 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை ஒன்று, 2 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைந்திருப்பதாகக் கொள்வோம். சுமை ஏறியதும் அது ஏறத்தாழ 9 செ.மீ. அமுங்கி நேராகிறது. அப்போது அதன் மேற்பரப்பு இழுபடுகிறது, கீழ்ப்பரப்பு நெருக்கப்படுகிறது, நடுத்தளம் மட்டும் நீளம் மாறாதிருக்கிறது. மேற்பரப்பின் திரிபு, பாதித் தடிப்பை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 4 மி.மீ. ÷ 2000 மி.மீ. = 0.002.

எஃகின் யங் குணகம் சதுர மி.மீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன். எனவே தகைவு 400 நியூட்டன். சாதாரண மென்எஃகு சுமார் 250 நியூட்டனிலேயே மீளாமல் வளைந்துவிடும். பதப்படுத்திய வில் எஃகோ 1000 நியூட்டனுக்கு மேலும் தாங்கி, பழைய வடிவுக்கு மீளும். கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் இரும்புப் பட்டையை வெட்டிக் கமானில் செருக முடியாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே அளவு வளைவுக்குத் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு தகைவு. 8 மி.மீ. பட்டை 400 நியூட்டனைச் சுமக்கும் வளைவில் 16 மி.மீ. பட்டை 800 நியூட்டனைச் சுமக்க வேண்டும். இதனால்தான் ஒரே தடித்த பட்டைக்குப் பதில் பல மெல்லிய பட்டைகளை அடுக்குகிறார்கள்.

தடிப்பின் மும்மடி

பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 8 மி.மீ. பட்டைகள் ஐந்து உள்ள அடுக்கின் விறைப்பை 5 × 512 = 2560 என்று எழுதலாம். ஒன்றை எடுத்துவிட்டு 10 மி.மீ. பட்டையைப் போட்டால், 4 × 512 + 1000 = 3048. அதாவது விறைப்பு 19 விழுக்காடு கூடுகிறது. முன்பு 1000 கிலோவுக்கு அமுங்கிய வண்டி இப்போது 1190 கிலோ ஏற்றினால்தான் அதே அளவு அமுங்கும். "இன்னும் நாலு மூட்டை ஏற்றலாம்" என்ற ஆசை இங்குதான் பிறக்கிறது.

ஆனால் அடுக்கிலுள்ள எல்லாப் பட்டைகளும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளைகின்றன. ஆகவே கூடுதல் சுமை ஏற்றிப் பழைய அளவுக்கு அமுக்கினால், 8 மி.மீ. பட்டைகளில் 400 நியூட்டனும் புதிய பட்டையில் 500 நியூட்டனும் தகைவு உண்டாகும். அடுக்கிலேயே தடித்ததுதான் அதிகம் துன்புறுகிறது!

எஃகும் அயரும்

"500 நியூட்டன்தானே, 1000க்குள் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை வளைப்பதானால் கவலையில்லை. ஆனால் பட்டை எத்தனை முறை வளைகிறது?

வில்லின் மேல் நிற்கும் வண்டியின் அதிர்வெண்ணை, g-ஐ அமுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2π-ஆல் வகுத்துப் பெறலாம். 9 செ.மீ. அமுக்கத்துக்கு இது நொடிக்கு 1.66, மணிக்கு ஏறத்தாழ 6000. நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒரு கோடிக்கு மேல்! இவற்றுள் பெரும்பாலானவை சிறு அசைவுகளே. பள்ளங்களில் விழும்போது ஏற்படும் பெரிய வளைவுகளே பட்டையை மெல்ல மெல்ல உடைக்கின்றன.

இதுவே உலோக அயர்ச்சி. 1842 மே 8 அன்று வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு இப்படித்தான் முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். தகைவு சிறிது குறைந்தாலும் ஆயுள் பன்மடங்கு நீள்வதைக் கண்டார். ஆயுள் தகைவின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தகைவு 1.25 மடங்கானால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

பின் எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, தடிப்பு, எண்ணிக்கை, வளைவு மூன்றும் வண்டியைச் செய்தவர்கள் குறித்த அளவில் இருக்க வேண்டும். விறைப்பைக் கூட்டுவதால் அச்சும் பிரேக்கும் டயரும் வலுவடைவதில்லை.

இரண்டாவது, எஃகின் இனமும் பதமும். சிலிக்கன், மாங்கனீசு அல்லது குரோமியம், வனேடியம் கலந்த வில் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். கடினம் மிகுந்தால் நொறுங்கும்; குறைந்தால் வளைந்தே நின்றுவிடும்.

மூன்றாவது, மேற்பரப்பு. விரிசல் பெரும்பாலும் இழுபடும் மேற்பரப்பில்தான் தொடங்கும். கீழ்ப்பட்டைகளில் அந்தப் பரப்பு மற்றொரு பட்டையின் அடியில் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது! நல்ல பட்டைகளின் இந்தப் பரப்பில் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக மோதவிடுவார்கள். அதனால் மேல்தோல் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருந்து, விரிசல் திறக்க இடம் தராது. துருக்குழி, சுத்தியல் தழும்பு, வெல்டிங் ஆகியவை இந்தக் காப்பை அழிப்பவை. ஒடிந்த பட்டையை ஒட்டவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கடைசியாக, இருபுறமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் தளர்ந்ததும் இருந்தால் வண்டி ஒருபக்கமாகச் சாயும்.

மாணவரின் தந்தையிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "அப்ப எட்டு மில்லியே போட்டுக்கறனுங்க. பாரத்தைத்தான் கொறைக்கோணும்" என்றார். இயற்பியல் சொல்வதும் அதுவே.

செய்து பாருங்கள்: ஒரே சுருளிலிருந்து கட்டுக்கம்பித் துண்டுகள் பத்து வெட்டுங்கள். ஐந்தை இருபுறமும் 90 பாகைக்கும், மற்ற ஐந்தை 45 பாகைக்கும் மாறிமாறி வளைத்து, எத்தனையாவது வளைவில் ஒடிகிறது என்று எண்ணுங்கள். சராசரி காணுங்கள். கோணம் பாதியானபோது ஆயுள் இருமடங்கு மட்டும்தானா ஆயிற்று?