கரியன் சோலைக்குக் கிளம்பும் முன்

பொள்ளாச்சி

அன்புள்ள கண்ணு,

மாசி மாதம் தோழிகளோடு டாப்ஸ்லிப் வருகிறாய் என்று உன் அப்பன் போனில் சொன்னான். ஒரு நாள் போதுமா என்று கேட்டாயாம். தாராளமாகப் போதும், எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று வராமல் இருந்தால்.

இங்கிருந்து 35 கிலோமீட்டர் சொச்சம். சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி மலையேறினால் முதலில் தேக்குக்காடு. அந்தக் காலத்தில் வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கி விட்டார்களாம், டாப்ஸ்லிப் என்ற பெயரே அதனால் வந்ததுதான். தேக்கை மறுபடி தழைக்க வைத்த ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறையும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தத் தேக்குக்காடு மழைக்காடு இல்லை. மாசியில் தேக்கு இலை உதிர்த்து, வெயில் மண்டையைப் பிளக்கும். மழைக்காடு வேண்டுமென்றால் கரியன் சோலைக்குள் பத்தடி வைத்துப் பார், பட்டப்பகலில் இருட்டும், கை சில்லிடும்.

வனத்துறை கூட அனுப்பும் ஆள் பெரும்பாலும் காடர் அல்லது மலசர் பழங்குடியைச் சேர்ந்தவராக இருப்பார். எடுத்த எடுப்பில் "அண்ணா, புலி தெரியுமா?" என்று கேட்காதே. வருகிறவர்கள் எல்லாம் அதையே கேட்டு அவருக்குச் சலித்திருக்கும். அவர் நின்றால் நீயும் நில். மேலே கிளை அசைவதை வைத்தே கருமந்தியா, சிங்கவால் குரங்கா, மலை அணிலா என்று சொல்லிவிடுவார்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாசியில் இருவாட்சிப் பறவை கூட்டில் இருக்கும். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல்தான் மிச்சம். மாதக்கணக்கில் ஆண் கொண்டுவருவதுதான் அதற்குச் சோறு. இது தெரியாமல் கேமராவும் கையுமாகப் பொந்துக்கு நேர் கீழே முக்கால் மணி நேரம் நின்றேன். கூட வந்த காடர் கிழவர் இரண்டு தரம் "போலாங்க சார்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. கடைசியில் என் முழங்கையைப் பிடித்துத் தூரத்துக் கிளையைக் காட்டினார். தொண்டை புடைக்க ஆண் உட்கார்ந்திருந்தது, நான் எப்போது தொலைவேன் என்று. நாங்கள் விலகி ஒரு மரத்தின் மறைவுக்குப் போனதும் கொல்லன் துருத்தி மாதிரி இறக்கைச் சத்தம். பொந்தைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு அத்திப்பழமாகக் கக்கிக் கக்கிக் கீறலுக்குள் கொடுத்தது. அதைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. கூடு காட்டினால், தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடு.

அட்டை அந்த மாதம் குறைவு. ஏறினால் பிய்த்து எறியாதே, நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பு. ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது அட்டை எச்சிலின் வேலை. பயமில்லை.

மலைக்காட்சிக்கு நான் என்ன சொல்ல? மேகம் விட்டால் தெரியும்.

வழித்தடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பு. சென்ட் போடாதே. ராத்திரிச் சாப்பாடு இங்கேதான், பெரியம்மா கொள்ளுப் பருப்பு கடைகிறாளாம். எத்தனை பேர் என்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடு.

உன்
பெரியப்பா