துருவேறிய மறையாணிகளைச் சுத்தி செய்தல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் டிராக்டரும் பம்புசெட்டும் வைத்திருக்கும் மிராசுதாரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பிசுக்கேறிய போல்ட்டு, நட்டு முதலியவற்றைச் சிலர் வீட்டிலேயே பெட்ரோலில் கழுவுகின்றனர். இது பேரபாயம். அதன் ஆவி கண்ணுக்குப் புலப்படாது தரையோடு படர்ந்து, எட்டத்திலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். டீசலே போதும், அதையும் வெளிமுற்றத்திலேயே, நெருப்புக்குத் தூரமாகக் கையாளுக.

பிசுக்கு நீங்கியபின், துரு போக, கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவிடுக. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். கறுத்த பழம்புளி போதும், சமையற்புளியைத் தொடவேண்டுவதில்லை. மண்சட்டி உத்தமம், அலுமினியப் பாத்திரம் ஆகாது. துத்தநாகம் பூசிய ஆணிகளை இதில் இடலாகாது, பூச்சே கரைந்துவிடும்.

காலையில் துலக்கி, சலவைச் சோடா நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவுக. மறை தேய்ந்த ஆணியைச் சக்கரத்தில் மீண்டும் பூட்டலாகாது.